மருந்தை அளந்து ஊற்று, தம்பி

அன்புள்ள தம்பிக்கு, அப்பா எழுதிக்கொள்வது. இங்கு நலம். மிளகாய் களத்தில் காய்கிறது. 2023ல் நம் குண்டு மிளகாய்க்குப் புவிசார் குறியீடு கொடுத்தார்கள். களத்துக்கு வருகிற வியாபாரிக்கு அது தெரிந்த மாதிரி இல்லை. அம்மாவுக்கு முழங்கால் பரவாயில்லை.

தங்கச்சிக்கு நீ அனுப்பிய படத்தைப் பார்த்தேன். நீ வளர்க்கிற பாம்பு தண்ணிக் கிண்ணத்துக்குள்ளேயே சுருண்டு கிடக்கிறது. கண்ணாடி போட்டுப் பெரிதாக்கிப் பார்த்தால், தண்ணியில் கசகசா தூவின மாதிரி கறுப்புப் புள்ளி. கண்ணோரச் செதிலில் இன்னும் நாலைந்து. அது குளிக்கவில்லை தம்பி, கடி தாங்காமல் கிடக்கிறது. அந்தப் புள்ளியெல்லாம் செள்ளுப் பூச்சி, நம் கோழிச் செள்ளு மாதிரிதான். ரத்தம் குடிப்பது உடம்பில், முட்டை வைப்பது கூட்டு இடுக்கில். பாம்பை மட்டும் கழுவிப் பிரயோசனமில்லை. அப்பத்தா பழைய கூட்டைக் கொளுத்திவிட்டுப் புதுக் கூட்டுக்குச் சுண்ணாம்பு அடிக்குமே, அதே கதை. பாம்புக் கூட்டுக்குள்ளே கிடக்கிற மரக்கட்டை, தூள் எல்லாம் கட்டித் தூரப் போடு. இடுக்குகளை வெந்நீர் விட்டுத் துடை. வெள்ளைக் காகிதம் விரி, ஊர்வது தெரியும். பாம்பை வெதுவெதுப்பான தண்ணியில் விட்டுப் பக்கத்திலேயே இரு. முட்டை பொரித்து, அது வளர்ந்து மறுபடி முட்டை வைக்க ரெண்டு வாரம் சொச்சம்தானாம். கண்ணில் படவில்லை என்று விட்டுவிடாதே, ஒரு மாதம் செய். காகிதத்தைத் தினம் மாற்று.

இங்கே நம் நாட்டுப் பாம்பை வளர்த்தால் 1972 வனவிலங்குச் சட்டத்தில் பிடித்துப் போவான். நீ அங்கே காசு கொடுத்து வாங்கியிருக்கிறாய். தங்கச்சி மகன் 'எங்க மாமா மலைப்பாம்பு வளர்க்கிறார்' என்று பள்ளிக்கூடம் முழுக்கச் சொல்லித் திரிகிறான். எனக்கும் கொஞ்சம் பெருமைதான். பாம்புக்கு நேரமிருக்கிறது, அம்மாவிடம் பேச ரெண்டு மாசமாக நேரமில்லை. படத்தில் மேசைமேல் ஒரே ஒரு தட்டு இருந்தது. மருமகள் வேலைக்குப் போயிருக்கும். அம்மா கேட்கச் சொன்னாள், நான் கேட்கவில்லை.

மருந்து மட்டும் பாம்பு பார்க்கிற டாக்டர் சொன்ன அளவுக்குத்தான். கண்ணளவு வேண்டாம். நம் நாய் மணி ஓடிப்போகவில்லை தம்பி. நீ பத்தாவது பரீட்சை எழுதப் போயிருந்தாய். உண்ணி அப்பியிருக்கிறதே என்று மிளகாய்க்கு அடிக்கிற மருந்தைக் கண்ணளவில் ஊற்றித் தேய்த்துவிட்டேன். மதியத்துக்குள் வாயில் நுரை. கால் நாலும் வெட்டி வெட்டி இழுத்தது. நீ வருவதற்குள் கண்மாய்க் கரையில் புதைத்துவிட்டேன். பிறகு உன்னைச் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு உப்பூர்ப் பிள்ளையார் கோயில் வரைக்கும் நாலு நாள் நானும் சேர்ந்து தேடினேன். நீ பின்னால் உட்கார்ந்து மணி, மணி என்று கூப்பிட்டுக்கொண்டே வந்தாய். திரும்பு, வீட்டுக்குப் போவோம் என்று சொல்லக்கூட எனக்கு வாய் வரவில்லை. அம்மாவுக்கு இன்றைக்கு வரைக்கும் தெரியாது.

மருந்தை அளந்து ஊற்று. காகிதத்தைத் தினம் மாற்று. அந்தச் செள்ளு ஆளையும் கடிக்குமாம், உன் முழங்கையில் சிவப்பாக இருந்ததே, அதையும் காட்டு. தேவலையா என்று தங்கச்சியிடம் சொல்லி அனுப்பாதே. எனக்கே போன் போடு. ராத்திரி எந்நேரமானாலும் எடுப்பேன்.

அப்பா