பாலருவிக்கு ராத்திரியில் என்ன வேலை?

தெற்கு ரயில்வே பொது மேலாளர் அவர்களுக்கும், மதுரைக் கோட்ட மேலாளர் அவர்களுக்கும் வணக்கம்.

ரயிலுக்குப் பெயர் வைப்பதில் உங்களை மிஞ்ச ஆள் கிடையாது. நெல்லை, பொதிகை, அனந்தபுரி, பாலருவி என்று சொல்லும்போதே வாய் இனிக்கிறது. ஆனால் அந்தப் பாலருவி எக்ஸ்பிரஸைக் கொஞ்சம் பாருங்கள். ஆரியங்காவு பக்கத்து அருவியின் பெயரைச் சுமந்துகொண்டு தூத்துக்குடியிலிருந்து பாலக்காட்டுக்கு ஓடுகிறது. போகும்போதும் ராத்திரியில்தான் மேற்குத் தொடர்ச்சி மலையைக் கடக்கிறது, வரும்போதும் அப்படியே. பெயரில் அருவி, ஜன்னலுக்கு வெளியே கும்மிருட்டு. கேரளத்துக்கு வேலைக்கும் ஆஸ்பத்திரிக்கும் போகிறவர்களுக்கு அந்த நேரம்தான் தோது. அதனால் அந்த வண்டியின் நேரத்தை மாற்றச் சொல்லவில்லை. திருநெல்வேலி ஜங்ஷனிலிருந்து செங்கோட்டை வழியாகக் கொல்லத்துக்குப் பகலில் ஒரு வண்டி விடுங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல்.

இது புதிதாகக் கேட்கும் சலுகை இல்லை. செங்கோட்டை – கொல்லம் பாதை 1904-ல் திறந்தது. அப்போது செங்கோட்டையே திருவிதாங்கூரில்தான் இருந்தது; 1956 நவம்பர் 1-ல்தான் நம் பக்கம் வந்தது. மீட்டர்கேஜ் காலத்தில் நெல்லையிலிருந்து கொல்லத்துக்கு நேர் வண்டி இருந்தது. 2010-ல் அகலப்பாதைக்காக மலைப்பாதையை மூடினீர்கள். மறுபடி முழுப் பாதையிலும் வண்டி ஓட 2018 ஆகிவிட்டது. குகையையும் பாலத்தையும் வைத்துக்கொண்டு மலையில் வேலை பார்ப்பது லேசுப்பட்ட காரியம் இல்லை, சரி. ஆனால் அந்த எட்டு வருஷத்தில் ஜனங்கள் பஸ்ஸுக்குப் பழகிவிட்டார்கள். இப்போது மதுரை – குருவாயூர் வண்டி பகலில் மலை ஏறுகிறது. நெல்லைக்காரர்கள் அதைப் பிடிக்க தென்காசியிலோ செங்கோட்டையிலோ போய்க் காத்திருந்து மாறி ஏற வேண்டும். கைக்குழந்தையோடும் வயசானவர்களோடும் யார் அந்தப் பாடு படுவார்கள்?

இந்தப் பாதையில் நேர் வண்டியில் உட்கார்ந்து போவது எப்படி இருக்கும் என்று கோப்பு எழுதித் தெரியவைக்க முடியாது. டவுன், பேட்டை தாண்டி, சேரன்மகாதேவி, காருகுறிச்சி, வீரவநல்லூர் என்று வண்டி நின்று நின்று போகும். இடது கைப்பக்க ஜன்னலைப் பிடித்தவர்கள் பாக்கியசாலிகள். கல்லிடைக்குறிச்சி தாண்டித் தாமிரபரணிப் பாலத்தில் ஏறும்போது, அதுவரை போனை நோண்டிக்கொண்டிருந்தவர்களும் தலை நிமிர்த்துவார்கள். அம்பாசமுத்திரத்துக்கு அப்புறம் மலை கூடவே வரும். ஆனி, ஆடி என்றால் அதன் தலையில் மேகம் இறங்கியிருக்கும். கீழக்கடையம், பாவூர்சத்திரம் வரும்போதே காற்று மாறிவிடும். தென்காசி நெருங்கினால் ஜன்னல் கம்பியில் சாரல் பொடிப்பொடியாக ஒட்ட ஆரம்பிக்கும். எதிர் சீட்டுக்காரர், "தம்பி, கண்ணாடியை இறக்குங்க" என்பார். ரெண்டு கட்டைவிரலாலும் கொக்கியை அழுத்தினால்தான் கண்ணாடி இறங்கும். அழுத்துவதுபோல் பாவனை பண்ணிவிட்டு அப்படியே விட்டுவிடுகிறவர்கள்தான் அதிகம். சொன்னவரும் அப்புறம் வற்புறுத்த மாட்டார்.

செங்கோட்டையில் பின்னாலும் ஒரு இன்ஜின் மாட்டுவார்கள். முன்னால் ஒன்று இழுக்க, பின்னால் ஒன்று தள்ள, பகவதிபுரம் தாண்டிக் குகைக்குள் நுழைந்ததும் பெட்டியே கூச்சல் போடும். சின்னப் பிள்ளைகள் மட்டும்தான் கத்துகிறார்கள் என்று நினைக்காதீர்கள். குகையை விட்டு வெளியே வந்தால் கேரளம். கழுதுருட்டி பக்கம் பதின்மூன்று கண்ணறைப் பாலம், கல் தூண்களும் வளைவுகளுமாக. கீழே ரோட்டில் போகிறவன் பாலத்தைப் பார்ப்பான். பாலத்தில் போகிறவன் பள்ளத்தைப் பார்ப்பான். இரண்டில் எது உசத்தி என்று எங்கள் வீட்டில் இன்னும் முடிவாகவில்லை.

உலகத்தில் பேர் வாங்கிய ரயில்கள் எத்தனையோ உண்டு. 1883-ல் பாரிஸிலிருந்து கிளம்பிய ஓரியன்ட் எக்ஸ்பிரஸ், பெட்டிக்குள் இருந்த படுக்கைக்கும் சாப்பாட்டுக்கும் பேர் வாங்கியது. மாஸ்கோவிலிருந்து விளாடிவாஸ்டாக் போகும் பாதைக்கு அதன் நீளமே பேர், 9,289 கிலோமீட்டர். நம் ஊட்டி மலை ரயிலை 2005-ல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்த்தார்கள். சீசனில் அதில் டிக்கெட் கிடைப்பது இன்றைக்குக் குதிரைக் கொம்பு. செங்கோட்டைப் பாதைக்கு அந்தக் கதி வர வேண்டாம் என்பது என் கருத்து. இதில் அப்பளக் கட்டோடு ஏறுகிறவரும், கல்யாண வீட்டுக்குப் போகிற குடும்பமும், குற்றாலத்தில் குளித்துவிட்டு ஈரத் துண்டோடு திரும்புகிறவரும் ஒரே பெட்டியில் உட்கார்ந்து போகிறார்கள். அதைக் கெடுத்துவிட்டு ஒரு சுற்றுலா ரயில் விடுவதாக இருந்தால், விடாமலே இருக்கலாம்.

ஆகவே பெட்டிகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2023 செப்டம்பரில் நெல்லைக்கு வந்தே பாரத் வந்தது. சென்னைக்குச் சீக்கிரம் போக அருமையான வண்டிதான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் திறக்காத கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டு சாரலைப் பார்ப்பது, இலையில் இருக்கும் அல்வாவைக் கண்ணால் மட்டும் தின்பதுபோல. இந்த மலைக்குத் திறக்கிற ஜன்னல் வேண்டும். பெரம்பூரில் செய்கிற கண்ணாடிக் கூரை விஸ்டாடோம் பெட்டி ஆந்திராவின் அரக்குப் பள்ளத்தாக்கு வரைக்கும் ஓடுகிறது, பெங்களூரு – மங்களூரு மலைப்பாதையிலும் ஓடுகிறது. ஒன்றை இங்கேயும் மாட்ட விரும்பினால் மாட்டுங்கள், காசுள்ளவர்கள் ஏறட்டும். மற்றதெல்லாம் முன்பதிவில்லாத சாதாரணப் பெட்டிகளாக இருக்கட்டும்.

செங்கோட்டை – புனலூர் மலைப்பாதை மதுரைக் கோட்டத்தில்தான் வருகிறது. எனவே 'அது வேறு கோட்டம்' என்ற பதில் வராது என்று நம்புகிறேன். காலையில் ஏழு மணிவாக்கில் ஜங்ஷனில் கிளம்பினால் வெயில் ஏறுமுன் மலை ஏறிவிடலாம். கொல்லத்தில் மத்தியானமே திருப்பிவிட்டால் இருட்டுமுன் செங்கோட்டை. தினமும் முடியாது என்றால் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை சனி, ஞாயிறாவது விடுங்கள்.

அப்படி விடுவதாக இருந்தால் மே மாதமே அறிவித்துவிடுங்கள், சாதாரணக் கட்டணத்தில். கிளம்புவதற்கு ரெண்டு நாள் முன்னால் சிறப்புக் கட்டணச் சிறப்பு ரயில் என்று அறிவித்து, யாருக்கும் தெரியாமல் அது காலியாக ஓடி, கடைசியில் 'பயணிகள் ஆதரவு இல்லை' என்று நிறுத்துவதாக இருந்தால் எங்களுக்கு வேண்டாம்.

இப்படிக்கு,
செங்கோட்டை வண்டிக்குக் காத்திருக்கும் ஒரு நெல்லைப் பயணி