புதுச்சேரி சட்டப்பேரவை உறுப்பினர்களுக்கு: பர்மாரைப் படித்துவிட்டுத் தீர்மானம் எழுதுங்கள்

மாண்புமிகு உறுப்பினர்களுக்கு,

மாநில அந்தஸ்து கேட்டுத் தீர்மானம் போடுவது நம் பேரவையில் வழக்கமாகிவிட்டது. தில்லிக்குப் போகிறது, அங்கேயே கிடக்கிறது. அடுத்ததை எழுதுமுன் இமாச்சலத்தின் யஷ்வந்த் சிங் பர்மாரின் அரசியல் வாழ்க்கையைப் புரட்டிப் பாருங்கள். நமக்குச் சம்பந்தமில்லாதவர் அல்லர். 1963-இன் யூனியன் பிரதேச அரசாங்கச் சட்டம் இமாச்சலம், மணிப்பூர், திரிபுரா, கோவா, புதுச்சேரி ஐந்துக்கும் சேர்த்துத்தான் வந்தது. மற்ற நான்கும் மாநிலமாகிவிட்டன.

1952-இல் பர்மார் இமாச்சலத்தின் முதல் முதலமைச்சரானார். 1955-இல் மாநில மறுசீரமைப்பு ஆணையத்தின் பெரும்பான்மை, இமாச்சலத்தைப் பஞ்சாபோடு சேர்க்கச் சொன்னது; தலைவர் ஃபசல் அலி மட்டும் மறுத்தார். தனியாக நிற்க இமாச்சலம் கொடுத்த விலை சட்டமன்றமே. 1956 நவம்பரில் யூனியன் பிரதேசமானது, பர்மாரின் பதவியும் போனது. 1963-இல் பேரவை திரும்ப வந்ததும் மீண்டும் முதல்வரானார். 'சின்ன ஊர், சொந்தக் காலில் நிற்காது' என்பதுதான் விடாமல் வந்த எதிர்ப்பு. 1966-இல் பஞ்சாப் பிரிந்தபோது காங்க்ரா, குலு, சிம்லா முதலிய மலைப்பகுதிகள் சேர்ந்து பரப்பு ஏறத்தாழ இருமடங்கானது. எதிர்ப்பின் வாய் அடைபட்டது. 1970 டிசம்பரில் சட்டம், 1971 ஜனவரி 25-இல் மாநிலம்.

நமக்கு நிலம் கூடப்போவதில்லை. அதனால் ஆவணம் கனமாக இருக்க வேண்டும். அரசியலமைப்பின் 3-ஆம் பிரிவின்படி குடியரசுத் தலைவரின் பரிந்துரையோடு நாடாளுமன்றத்தில் மசோதா வர வேண்டும். நம் தீர்மானம் அதற்குச் சட்டத் தேவையே இல்லை, அரசியல் அழுத்தம் மட்டுமே.

பலரும் கவனிக்காத சிக்கல் 170-ஆம் பிரிவு. மாநிலச் சட்டமன்றத்துக்குக் குறைந்தது 60 உறுப்பினர்கள் வேண்டும். நம்மிடம் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் 30 பேர். கோவாவுக்கும் இதே சிக்கல்தான்: 1987-இல் மறுசீரமைப்புச் சட்டத்தோடு 56-ஆவது திருத்தமும் கொண்டுவந்து, 371-I என்ற பிரிவில் '30-க்குக் குறையாமல்' என்று எழுதினார்கள். அதே வாசகத்தை நம் வரைவிலும் வையுங்கள். திருத்தத்துக்கு ஒவ்வொரு அவையிலும் மொத்த உறுப்பினரில் பெரும்பான்மையும், வந்து வாக்களிப்போரில் மூன்றில் இரு பங்கும் வேண்டும்; அதற்கான கணக்கை இப்போதே போடுங்கள். நியமன உறுப்பினர் மூவரின் இடமும் அப்போது இல்லாமல் போகும். இதில் உங்களில் எத்தனை பேருக்கு உண்மையில் சம்மதம் என்பது எங்களுக்குச் சந்தேகம்தான்.

அதிகாரிகள் பற்றிய பயம் வீண். மாநிலமான பிறகும் கோவா, அருணாச்சலம், மிசோரம் யூனியன் பிரதேசங்களோடு சேர்ந்த அதே கூட்டு ஐ.ஏ.எஸ். பிரிவில்தான் இருக்கின்றன. உயர் நீதிமன்றம் சென்னையே தொடரலாம்.

பணம்தான் கடினம். நிதி ஆணையத்தின் வரிப் பங்கீடு மாநிலங்களுக்கு மட்டுமே. நம்மைப் போன்றவை மத்திய உள்துறையின் மானியத்தை நம்பியிருக்கின்றன. மாநிலமானால் அந்த மானியம் நின்று, பங்கீடு தொடங்கும். இடைப்பட்ட காலத்துக்கு என்ன செய்வது, பழைய கடனை யார் சுமப்பது என்ற இரண்டையும் வரைவில் எழுதாவிட்டால், கோப்பு நிதி அமைச்சகத்தில்தான் நிற்கும். சொந்த வருவாய், மானியம், வட்டிச் செலவு மூன்றையும் ஆண்டுவாரியாக அட்டவணையாக்கி இணையுங்கள்.

இன்னொன்று. 1956-இல் கையெழுத்தான பிரெஞ்சு ஒப்படைப்பு உடன்படிக்கையின் 2-ஆம் பிரிவு, இந்தப் பகுதிகளின் தனி நிர்வாக நிலையை மாற்றுமுன் மக்களின் விருப்பத்தை அறிய வேண்டும் என்கிறது. காரைக்கால், மாஹே, ஏனாம் மக்களின் கருத்தைத் தனித்தனியே பதிவு செய்து தீர்மானத்தோடு அனுப்புங்கள்.