பாட்டு வந்தால் மட்டும் சப்டைட்டில் எங்கே போகிறது? ஸ்ட்ரீமிங் நிறுவனத்தாருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஸ்ட்ரீமிங் நிறுவனத்தாருக்கு, குறிப்பாக உள்ளே சப்டைட்டில் என்று ஒரு பிரிவு இருந்தால் அந்தப் பிரிவினருக்கு,

வணக்கம். இதே விஷயத்தை ஆங்கிலத்தில் மூன்று முறை உங்களுக்கு எழுதிவிட்டேன். மூன்று முறையும் 'உங்கள் கருத்து எங்களுக்கு மிகவும் முக்கியம்' என்று ஒரே பதில், ஒரு புள்ளி கூட மாறாமல் வந்தது. ஆங்கிலத்தில் எழுதியே புரியாதவர்களுக்குத் தமிழில் எழுதினால் மட்டும் என்ன குறைந்துவிடப்போகிறது என்று இந்த முறை தமிழில் எழுதுகிறேன். உங்கள் பெயரைப் போடவில்லை. போட்டால் பதில் எழுத வக்கீல் வருவார், அவரோடு எனக்கு ஒரு வழக்கும் இல்லை.

புகாரின் விவரமெல்லாம் உங்களிடமே இருப்பதால் சுருக்கமாகச் சொல்கிறேன். 'ஸ்மாஷ்' என்ற அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடரில் ஆட்கள் பேசினால் சப்டைட்டில் வருகிறது. பாட ஆரம்பித்தால் ஒரு இசைக்குறி வந்து நிற்கிறது. பாட்டு முடிகிற வரை அதுதான். பாட்டு வரிகளையும் போடுங்கள். கேட்பது இவ்வளவுதான்.

சமையல் நிகழ்ச்சியில் வெங்காயம் வதங்கும்போது பின்னால் ஓடுகிற பாட்டுக்கு நான் வரி கேட்கவில்லை. இது நியூயார்க்கின் நாடக வட்டாரமான பிராட்வேயில் ஒரு இசை நாடகம் உருவாகிற கதை. ஹாலிவுட் நடிகை மர்லின் மன்றோவைப் பற்றி 'பாம்ஷெல்' என்று ஒரு நாடகம், அதில் மர்லினாக நடிக்க ஐவிக்கும் கேரனுக்கும் போட்டி. கதையில் பாதி பாட்டில்தான் நகர்கிறது. டெப்ரா மெஸ்ஸிங் நடித்த ஜூலியா பாட்டு எழுதுகிறவள், இசையமைக்கிற டாமோடு உட்கார்ந்து ஒரு வரிக்காக மண்டையை உடைத்துக்கொள்கிறாள், அந்த வாக்குவாதமெல்லாம் ஒரு சொல் விடாமல் சப்டைட்டிலில் வருகிறது, கடைசியில் அவள் எழுதி முடித்த வரி மட்டும் வராது. இது உங்களுக்கே வேடிக்கையாக இல்லையா?

என் அம்மாவுக்கு 71 வயது. கும்பகோணத்தில் ஆங்கில ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர், இப்போது அமெரிக்காவில், நியூஜெர்சியின் எடிசனில் எங்களோடு இருக்கிறார். இரண்டு காதிலும் கருவி. எதிரில் உட்கார்ந்து நிதானமாகப் பேசினால் பிடித்துவிடுவார். வாத்தியங்களோடு யாராவது பாடினால் தகரக் கொட்டகையில் மழை பெய்கிற மாதிரி இருக்கிறது என்பார். ஆனால் படிப்பதில் வேகம், நான் பாதி வரி படிப்பதற்குள் அவர் முடித்திருப்பார்.

2025இல் 'ஸ்மாஷ்' மேடை நாடகமாகவே பிராட்வேக்கு வந்தது. ஏப்ரல் 10 அன்று இம்பீரியல் தியேட்டரில் தொடங்கி ஜூன் 22 அன்று மூடிவிட்டார்கள். மூடப்போகிறார்கள் என்று கேள்விப்பட்டதும் எடிசனில் ரயிலேறி, பென் ஸ்டேஷனில் இறங்கி, 45ஆவது தெரு வரை அம்மாவை மெதுவாக நடத்திக் கூட்டிக்கொண்டு போனேன். அங்கே போனில் ஒரு செயலி. கறுப்புத் திரையில் பேச்சும் பாட்டும், மேடையில் வாய் திறக்கிற அதே நேரத்துக்கு எழுத்தாக ஓடியது. நாடகம் தொடங்குவதே 'லெட் மீ பி யுவர் ஸ்டார்' பாட்டில்தான். அம்மா போனை மடியில் வைத்துக்கொண்டு மேடையையும் அதையும் மாறி மாறிப் பார்த்தார், கொஞ்ச நேரத்தில் அவர் விரல் தொடையில் தாளம் போட ஆரம்பித்தது. அவர் தாளம் போட்டு நான் பார்த்துப் பல வருடம் ஆகிறது. திரும்பி வருகிற ரயிலிலேயே, "இது முன்னாடி டிவியில வந்ததாமே, வீட்டுக்குப் போய் அதைப் போடுடி" என்றார்.

போட்டேன்.

முதல் எபிசோடின் முடிவும் அதே பாட்டுதான். ஐவியும் கேரனும் தனித்தனியாகக் கிளம்பி, நியூயார்க் தெருக்களில் நடந்து, ஒரே வேடத்துக்கான தேர்வில் வந்து சேர்கிற வரை இருவரும் பாடுகிறார்கள். யாரிடமோ ஒரே ஒரு வாய்ப்பு கேட்டுக் கெஞ்சுகிற பாட்டு. தொடர் மொத்தமும் அந்த ஒரு பாட்டுக்குள் இருக்கிறது. அம்மா பார்த்ததோ, இரண்டு பெண்கள் வாயைத் திறந்து திறந்து மூடுவதையும் கீழே ஒரு இசைக்குறியையும். "என்னடி, ரெண்டு பேரும் சண்டை போட்டுக்கறாங்களா?" என்று கேட்டார். நான் பதில் சொல்வதற்குள் எபிசோட் முடிந்து, நீங்கள் அடுத்ததை ஓட்ட ஆரம்பித்துவிட்டீர்கள்.

அதற்கப்புறம் நான் செய்வது இதுதான். பாட்டு வந்தால் நிறுத்துவேன். இரண்டு வரி கேட்டு நோட்டில் எழுதுவேன், திரும்பக் கொஞ்சம் ஓட்டிச் சரிபார்ப்பேன், மறுபடி நிறுத்துவேன். மூன்று நிமிடப் பாட்டுக்கு அரை மணி நேரம் ஆகிறது. எழுதி முடித்ததும் அம்மா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு ஒருமுறை படிப்பார், பிறகு முதலிலிருந்து பாட்டை ஓட்டுவேன், நோட்டைப் பார்த்துக்கொண்டே பார்ப்பார். இணையத்தில் வரிகள் கிடைக்குமே என்பீர்கள். கிடைக்கின்றன. தொடரில் பாட்டைப் பாதியில் வெட்டியிருப்பார்கள், நடுவில் பேச்சு நுழையும், எந்த வரியில் இருக்கிறோம் என்று தேடுவதற்குள் காட்சி போய்விடும். அம்மா சிறுமியாக இருந்தபோது ஊர் டாக்கீஸ் வாசலில் பாட்டுப் புத்தகம் விற்பார்களாம். கதைச் சுருக்கத்தைப் பாதியில் நிறுத்தி 'மீதியை வெள்ளித்திரையில் காண்க' என்று போட்டிருக்கும். அந்த ஞாபகத்தில் என் நோட்டின் அட்டையில் 'ஸ்மாஷ் பாட்டுப் புத்தகம்' என்று எழுதி வைத்திருக்கிறார். சினிமாக் கொட்டகை வாசலில் சில்லறைக் காசுக்குக் கிடைத்தது, மாதாமாதம் டாலரில் கட்டுகிற உங்களிடம் கிடைக்கவில்லை.

அம்மாவுக்குப் பிடித்தது ஐவி பாடுகிற வெள்ளைப் பியானோ பாட்டு. மர்லினின் அம்மா ஒரு ஊமைப்பட நட்சத்திரத்திடமிருந்து பழையதாக வாங்கிய பியானோ, சுருதி கலைந்துபோன பியானோ. அந்தப் பாட்டை எழுதிக் காட்டியபோது அம்மா ரொம்ப நேரம் நோட்டை மூடவில்லை. ஊமைப்படத்துக்குக்கூட நடுநடுவே எழுத்துப் போட்டார்கள், தெரியுமில்லையா உங்களுக்கு?

கேரனின் காதலன் பெயர் தேவ் சுந்தரம். 'சுந்தரம்' என்று சப்டைட்டிலில் பார்த்ததும் அம்மா நிமிர்ந்து உட்கார்ந்தார், நம்ம ஊர்ப் பையனா என்று. நடித்தவர் ரஸா ஜாஃப்ரி, 2002இல் லண்டனில் ஏ.ஆர். ரஹ்மானின் 'பாம்பே ட்ரீம்ஸ்' மேடை நாடகத்தில் கதாநாயகனாக ஆடியவர். சுந்தரம் என்று பெயர் வைத்துவிட்டு பாலிவுட் பாணியில் அவரை ஏன் ஆட விட்டார்கள் என்பது உங்கள் தப்பில்லை, அதை விடுகிறேன். அந்தப் பாட்டுக்கும் வெறும் இசைக்குறிதான் வந்தது, அது உங்கள் தப்பு.

உங்கள் சேவைப் பிரிவில் ஒருவர், பாவம் நல்ல மாதிரி, 'பாட்டு உரிமப் பிரச்சினையாக இருக்கலாம்' என்றார். பழைய பிரபலப் பாட்டுகளை இரவல் வாங்கிப் பாடுகிற இடங்களுக்கு அந்தச் சாக்கைக் கேட்டுக்கொள்கிறேன். 'பாம்ஷெல்' பாட்டுகள் மார்க் ஷைமனும் ஸ்காட் விட்மனும் இந்தத் தொடருக்காகவே எழுதியவை. பாட்டைப் போட உரிமம் இருக்கிறது, அதே பாட்டை எழுத்தில் காட்ட இல்லையா?

அமெரிக்காவில் தொலைக்காட்சிக்கு விதி போடுகிற அரசு அமைப்பான எஃப்.சி.சி.யின் 2014 விதியில், சப்டைட்டில் என்றால் பேச்சை மட்டுமல்ல, ஒலித்தடத்தில் வருகிற பாட்டு வரிகளையும் அப்படியே காட்ட வேண்டும் என்று இருக்கிறது. அது தொலைக்காட்சிக்கு என்பீர்கள். சரி. தொலைக்காட்சியில் சப்டைட்டிலோடு வந்ததை இணையத்தில் போடும்போது அந்தத் தரத்துக்குக் குறையக்கூடாது என்றும் விதி இருக்கிறதே. 'ஸ்மாஷ்' 2012 பிப்ரவரியில் என்.பி.சி. தொலைக்காட்சியில் தொடங்கிய தொடர். மறுவருடம் அவர்கள் அதைச் சனிக்கிழமை ராத்திரிக்குத் தள்ளி, 32 எபிசோடோடு கதையை முடித்தார்கள். அவர்களாவது ஒரேயடியாக முடித்தார்கள், நீங்கள் பாட்டுப் பாட்டாக முடிக்கிறீர்கள்.

இதற்கு நடுவில் போன மாதம் உங்கள் மெயில் வந்தது. கட்டணத்தை ஏற்றுகிறீர்களாம், 'இன்னும் சிறந்த அனுபவத்துக்காக'. நான் பாட்டை நிறுத்தி வரி எழுதிக்கொண்டிருக்கும்போது 'இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறீர்களா?' என்று திரையில் கேட்கிறீர்களே, அந்த அனுபவமா? இருக்கிறோம் ஐயா, எழுதிக்கொண்டிருக்கிறோம். விளம்பரத்தில் வருகிற சோப்புப் பாட்டுக்கு வரி போடத் தெரிகிறது, அடுத்து நான் எதைப் பார்ப்பேன் என்று எனக்கு முன்னால் கண்டுபிடிக்கத் தெரிகிறது, மேடையில் ஒரு பெண் நின்று பாடினால் மட்டும்...

மன்னிக்கவும், கோபம் வந்துவிட்டது. பணிவாகத்தான் கேட்க உட்கார்ந்தேன்.

'ஸ்மாஷ்' இரண்டு சீசனுக்கும் பாட்டு வரிகளைச் சப்டைட்டிலில் சேர்த்துக் கொடுங்கள். எல்லாவற்றுக்கும் ஒரே நேரத்தில் முடியாவிட்டால் முதலில் 'பாம்ஷெல்' பாட்டுகளுக்காவது. நாங்கள் இப்போதுதான் இரண்டாவது சீசனுக்குள் போயிருக்கிறோம், நோட்டில் மிச்சம் 14 பக்கம் இருக்கிறது, அது தீர்வதற்குள் செய்தால் உபகாரமாக இருக்கும்.

இப்படிக்கு,
எடிசனிலிருந்து ஒரு சந்தாதாரர்