செயலாளரின் ஆண்டறிக்கை – 2024

பெருமதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, பாடசாலை அதிபர் அவர்களே, ஆசிரியப் பெருந்தகைகளே, பெற்றோர்களே, பழைய மாணவர்களே,

மலையகத் தேயிலைத் தோட்டப் பகுதியில் உள்ள நமது பாடசாலைப் பழைய மாணவர் சங்கத்தின் 2024 ஆம் ஆண்டுக்கான அறிக்கையை இப்பொதுச்சபையின் முன் சமர்ப்பிக்கிறேன். வாணி விழா, இல்ல விளையாட்டுப் போட்டி, தரம் 5 புலமைப்பரிசில் மாணவர்களுக்கான மாலை நேர வகுப்பு ஆகியன வழமைபோல் நடைபெற்றன. அவற்றின் விபரங்கள் கூட்டக் குறிப்பேட்டில் பதிவாகியுள்ளன. கணக்கறிக்கையைப் பொருளாளர் தனியே வாசிப்பார். இவ்வாண்டு சங்கத்தின் பணத்திலும் உழைப்பிலும் பெரும்பங்கு மாணவர்களுக்கான டெப் எனும் கைக்கணினி, மடிக்கணினி ஆகியவற்றைப் பெறுவதற்கும் அவற்றைக் கற்றலுக்குப் பயன்படச் செய்வதற்குமே செலவானபடியால், இவ்வறிக்கை அந்த ஒரு விடயத்தையே விரிவாகக் கூறும்.

2020 மார்ச் மாதத்தில் கொரோனாத் தொற்றினால் பாடசாலைகள் மூடப்பட்டு, திறப்பதும் மூடுவதுமாக 2021 ஒக்டோபர் வரை நீடித்த காலத்தில் நம் பிள்ளைகள் பட்ட பாட்டை இங்கு அமர்ந்திருக்கும் எவரும் மறந்திருக்க மாட்டீர்கள். கல்வி அமைச்சின் ஈ-தக்சலாவ இணையத்தளம் இருந்தது. நேத்ரா அலைவரிசையில் தமிழ்மொழிப் பாடங்கள் ஒளிபரப்பாயின. ஆசிரியர்கள் வட்ஸ்அப்பில் பாடக்குறிப்புகளை அனுப்பினார்கள். ஆயினும் ஒரு வீட்டில் இருந்த ஒரே கைத்தொலைபேசி கொழும்பில் வேலை செய்யும் தகப்பனிடம் இருந்தது, அல்லது மலைக்குக் கொழுந்தெடுக்கப் போன தாயின் இடுப்பில் இருந்தது. போன் கிடைத்த பிள்ளைக்கு டேட்டா இல்லை. டேட்டா இருந்த பிள்ளை சிக்னல் தேடி உச்சி மலைக்கு ஏற வேண்டியிருந்தது. அந்த இரண்டு ஆண்டுகளில் தரம் 6, 7 படித்த பிள்ளைகள் கணிதத்தில் இழந்ததை இன்று க.பொ.த. சாதாரண தர வகுப்பிலும் ஈடுசெய்ய முடியவில்லை என ஆசிரியர்கள் கூறுகிறார்கள். சங்கம் இப்பணியில் இறங்கியதற்கு அடிப்படைக் காரணம் இதுவே.

தொகைமதிப்புப் புள்ளிவிபரத் திணைக்களம் வெளியிடும் கணினி எழுத்தறிவு அறிக்கைகளில் நகரம், கிராமம், தோட்டம் என்ற மூன்று துறைகளுள் தோட்டத் துறையே கடைசியில் நிற்கிறது. 1945 இல் நாட்டுக்கு இலவசக் கல்வி கிடைத்தபோது தோட்டப் பாடசாலைகள் அதன் பயனைப் பெறாமல் ஒதுங்கி நின்றதையும், 1977 முதல் படிப்படியாகவே அரசு அவற்றைப் பொறுப்பேற்றதையும் அறிந்தவர்களுக்கு இந்நிலை வியப்பளிக்காது. முன்னர் கரும்பலகைக்கும் கட்டடத்துக்கும் நாம் காத்திருந்த காலம் போல, இப்போது கருவிகளுக்கும் ஒரு தலைமுறை காத்திருக்கக் கூடாது என்பதில் நிருவாகக் குழு முழுவதும் ஒரே மனதாக இருந்தது.

எவ்வாறு கொடுப்பது என்பதில்தான் கருத்து வேறுபட்டது. ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு டெப்பைச் சொந்தமாகக் கொடுத்துவிட வேண்டும் என்று பெற்றோர் பலர் வாதிட்டனர். தமிழ்நாட்டில் 2011 ஆம் ஆண்டு முதல் மேல்நிலை வகுப்பு மாணவர்களுக்கு அரசு இலவச மடிக்கணினி வழங்கியதை அவர்கள் எடுத்துக்காட்டினார்கள். அவ்வாதத்தில் நியாயம் உண்டு. தன் பொருள் என்ற உணர்வு பிள்ளைக்குத் தரும் உற்சாகத்தைக் குறைத்து மதிப்பிட முடியாது. எனினும் பெரு நாட்டில் இலட்சக்கணக்கான மடிக்கணினிகள் பிள்ளைகளுக்கு வழங்கப்பட்ட பின்னர் செய்யப்பட்ட மதிப்பீட்டில், கணிதத்திலோ மொழியிலோ குறிப்பிடத்தக்க முன்னேற்றம் காணப்படவில்லை. பள்ளிகளில் தொழில்நுட்பம் பற்றி யுனெஸ்கோ 2023 இல் வெளியிட்ட உலகக் கல்விக் கண்காணிப்பு அறிக்கையும், கருவி மட்டும் போய்ச் சேருவதால் கற்றல் நிகழ்ந்துவிடாது என்று எச்சரிக்கிறது. நம் சூழலில் இதைவிட நெருக்கமான காரணங்களும் இருந்தன. தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடான லயன் அறையில் மின்செருகி ஒன்றோ இரண்டோதான். கூரை ஒழுகும் காலத்தில் ஒரு கருவியை நனையாமல் வைக்க உயரமான தட்டுகூடப் பல வீடுகளில் இல்லை. ஒரு கருவி பழுதானால் ஹட்டன் நகருக்கு எடுத்துச் சென்று திருத்தும் செலவைக் குடும்பத்தின் தலையில் சுமத்துவது கொடையாகாது.

ஆகவே, நீண்ட கலந்துரையாடலின் பின்னர், கருவிகள் அனைத்தும் பாடசாலையின் பொதுச்சொத்தாக இருக்கும் என்றும், வகுப்பு நேரத்தில் ஆசிரியரின் மேற்பார்வையிலும், மாலையில் வாசிகசாலையிலும், பரீட்சைக் காலத்தில் கையொப்பமிட்டு வீட்டுக்கு இரவலாகவும் வழங்கப்படும் என்றும் தீர்மானிக்கப்பட்டது. பழுதுபார்க்கும் செலவு முழுவதையும் சங்கமே ஏற்கும். தற்செயலாக உடைந்தால் பெற்றோரிடம் ஒரு சதமும் அறவிடுவதில்லை என்ற விதியை இரவல் படிவத்தின் முதல் வரியிலேயே எழுதியுள்ளோம். உடைத்துவிடுவோமோ என்ற பயத்தில் பிள்ளையைத் தொடவிடாமல் பெட்டியிலேயே பூட்டி வைக்கும் தாய்மார்களின் கவலையை அறிந்தே அதை எழுதினோம்.

கொள்வனவு எளிதாக இருக்கவில்லை. 2022 பொருளாதார நெருக்கடியில் ரூபாயின் பெறுமதி வீழ்ந்தபோது ஏறிய இலத்திரனியல் பொருட்களின் விலை முந்தைய நிலைக்குத் திரும்பவேயில்லை. 2024 ஜனவரி 1 முதல் பெறுமதி சேர் வரி 18 சதவீதமாக உயர்த்தப்பட்டு, அதுவரை விலக்குப் பெற்றிருந்த கைத்தொலைபேசிகளுக்கும் விதிக்கப்பட்டது. செப்டெம்பரில் தோட்டத் தொழிலாளரின் அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாயாக நிர்ணயிக்கப்பட்ட பின்னரும், நாற்பதாயிரம் ரூபாய் விலையுள்ள ஒரு டெப்பை வாங்க முப்பது முழுப் பேர் (பேர் என்பது ஒரு நாள் வேலை) வேண்டியிருந்தது. மாதத்தில் அத்தனை பேர் கிடைப்பதே இல்லை. இந்தக் கணக்கை நன்கொடையாளர்களிடம் சொன்னபோது வேறு விளக்கம் தேவைப்படவில்லை. கொழும்பிலும் மத்திய கிழக்கிலும் உழைக்கும் நமது பழைய மாணவர்கள் மாதந்தோறும் அனுப்பிய சிறு தொகைகளே இத்திட்டத்தின் முதுகெலும்பு. பெருந்தொகை ஒன்றைக் கொடுத்துப் படம் எடுத்துக்கொண்டு போனவர் எவருமில்லை என்பதை மகிழ்ச்சியுடன் பதிவு செய்கிறேன்.

பாவித்த கைத்தொலைபேசிகளையும் பலர் அன்புடன் அனுப்பினார்கள். அவற்றில் அண்ட்ரொய்ட் பதிப்பு மிகப் பழையதாக இருந்தவற்றில் தேவையான செயலிகளை நிறுவ முடியவில்லை. சிலவற்றின் பட்டரி உப்பியிருந்தது. உப்பிய பட்டரி தீப்பற்றக் கூடியது என்பதால் அவற்றைப் பாடசாலை வளவுக்குள் வைத்திருக்காமல் உடனடியாக அகற்றினோம். இனிமேல் பாவித்த பொருள் அனுப்ப விரும்பும் அன்பர்கள் முதலில் அதன் மாதிரிப் பெயரையும் ஆண்டையும் அறியத் தருமாறு கேட்டுக்கொள்கிறேன்.

பராமரிப்பைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் இத்தகைய திட்டங்கள் பல இடங்களில் இங்கேதான் விழுந்து போகின்றன. நம் மலைகளில் ஏப்ரல், மே மாதங்களிலும் ஒக்டோபர், நவம்பர் மாதங்களிலும் பிற்பகல் இடிமின்னல் கடுமையாக இருக்கும். இடி முழங்கத் தொடங்கியதும் மின்செருகிகள் அனைத்தையும் கழற்றிவிட வேண்டும் என்பது கருவி அறையின் முதல் ஒழுங்கு; மேல்வகுப்பு மாணவர் இருவர் முறை வைத்து இதைக் கவனிக்கிறார்கள். இரும்பு அலுமாரிக்குள் மூடுபனியின் ஈரம் தங்காதிருக்க உலர்த்திப் பைகள் வைக்கப்பட்டு அவ்வப்போது மாற்றப்படுகின்றன. லிதியம் பட்டரி முற்றாக இறங்கிய நிலையில் மாதக்கணக்கில் கிடந்தால் மீண்டும் மின்னேறாமலே போகலாம். ஆதலால் டிசெம்பர் விடுமுறைக்கு முன் ஒவ்வொரு கருவியும் அரைவாசி அளவுக்கு மின்னேற்றப்பட்டு அணைத்து வைக்கப்பட்டது. விடுமுறை முடிந்து அலுமாரியைத் திறந்தபோது எல்லாக் கருவிகளும் உயிரோடிருந்தன.

அடுத்தது உள்ளடக்கம். பாடசாலையில் இணைய வேகம் நம்பத்தக்கதாக இல்லை. மழை பெய்தால் மேலும் மந்தமாகிவிடும். அதனால் இணையம் இல்லாமலே பயன்படும்படி ஈ-தக்சலாவப் பாடங்கள், கல்வி வெளியீட்டுத் திணைக்களத்தின் பாடநூல்கள், கடந்தகால வினாத்தாள்கள் ஆகியவற்றை நகரில் உள்ள பழைய மாணவர் ஒருவர் தரவிறக்கி, ஒரு வன்தட்டில் கொண்டுவந்து சேர்த்தார். 1980 முதல் பாடநூல்கள் இலவசமாகக் கிடைத்தாலும், புத்தகம் நனைந்து போன பிள்ளைக்குத் திரையில் அதே பக்கம் கிடைப்பது பெரிய ஆறுதல். மலையக வரலாறு பற்றிய செயற்றிட்டத்துக்கு "நூலகம்" எனும் பெயருடைய இணையத்தளத்தில் உள்ள பழைய நூல்களையும் இதழ்களையும் உயர்தர மாணவர்கள் பயன்படுத்தினார்கள்.

எதிர்பாராத தடை ஒன்று எழுத்துருவில் வந்தது. நம் ஆசிரியர்கள் பல ஆண்டுகளாகத் தயாரித்துச் சேமித்த வினாத்தாள்கள் எல்லாம் பாமினி எனும் பழைய தமிழ் எழுத்துருவில் இருந்தன. டெப்பில் திறந்தபோது தமிழ் எழுத்துக்கு மாறாக ஆங்கில எழுத்துகளும் நிறுத்தற் குறிகளும் வரிசையாக நின்றன. பிள்ளைகள் கருவி பழுதாகிவிட்டது என்று எண்ணி அதிபரிடம் ஓடினார்கள். எல்லாக் கருவிகளுக்கும் பொதுவான எழுத்துக் குறிமுறையான யூனிகோட்டுக்கு மாற்றும் மென்பொருளைக் கொண்டு அத்தாள்களை மாற்றி, ஒவ்வொன்றையும் ஒருவர் வாசித்துத் திருத்த வேண்டியிருந்தது. நமது ஆசிரியைகள் மூவர் தம் சொந்த நேரத்தில் செய்த இப்பணி, வாங்கிய எந்தக் கருவியையும் விடப் பெறுமதியானது என நான் கருதுகிறேன். இலங்கைத் தரமான எஸ்.எல்.எஸ். 1326 ஏற்றுக்கொண்டுள்ள ரெங்கநாதன் விசைப்பலகை முறையில் யூனிகோட் தட்டச்சை தரம் 8 முதல் பழக்கத் தொடங்கியுள்ளோம். தன் தாய்மொழியில் ஒரு விண்ணப்பக் கடிதத்தைத் தானே தட்டச்சு செய்யத் தெரியாத பிள்ளைக்குக் கணினி அந்நியமாகவே இருக்கும்.

கருவி கற்றலாக மாறுவதைக் கண்ணால் கண்ட ஒரு வகுப்பைக் கூற விரும்புகிறேன். நமது பாடசாலையில் விஞ்ஞான ஆய்வுகூடம் இல்லை. கொலராடோ பல்கலைக்கழகம் இலவசமாக வழங்கும் ஃபெட் எனும் மென்பொருளில், தமிழில் உள்ள மின்சுற்றுப் பகுதியைத் தரம் 9 மாணவர்கள் பயன்படுத்திக்கொண்டிருந்தார்கள். இரண்டு மின்குமிழ்களைத் தொடராக இணைத்தால் மங்குவதையும் சமாந்தரமாக இணைத்தால் பிரகாசிப்பதையும் பார்த்த மாணவி ஒருத்தி, "டீச்சர், எங்க லயத்துல பக்கத்து வீட்டுல கேத்தல் போட்டா எங்க பல்ப் மங்குதே, அது ஏன்?" என்று கேட்டாள். ஆசிரியை விடையைச் சொல்லவில்லை. திரையில் கம்பியின் தடையைக் கூட்டும் வசதியைக் காட்டி, இன்னொரு சாதனத்தைச் சுற்றில் சேர்த்துப் பார்க்கச் சொன்னார். கம்பியின் தடை கூடக் கூட, புதிய சாதனத்தை இணைத்தவுடன் முதற்குமிழ் மங்கியது. நீண்ட லயத்துக்கு மெல்லிய கம்பி இழுத்திருப்பதால் மின்னழுத்தம் இறங்குகிறது என்பதை அப்பிள்ளை தானே கண்டுபிடித்து வகுப்புக்கு விளக்கினாள். மறுநாள் அவளுடைய தகப்பன் அதே கேள்வியைத் தோட்ட அலுவலகத்தில் கேட்டதாக அறிந்தேன். அந்த ஆசிரியை அங்கு இல்லாதிருந்தால் அந்த டெப் ஒரு விளையாட்டுப் பொருளாகவே முடிந்திருக்கும்.

இதனால்தான் நமக்கு நிரந்தரத் தகவல் தொழில்நுட்ப ஆசிரியர் ஒருவர் இல்லாத குறையை அழுத்திச் சொல்கிறேன். சாதாரண தரத்தில் தகவல் தொடர்பாடல் தொழில்நுட்பத்தைத் தொகுதிப் பாடமாக (விருப்பப் பாடமாக) எடுக்க விரும்பும் பிள்ளைகள், கற்பிக்க ஆளில்லாமல் வேறு பாடத்தை எடுக்கிறார்கள். தற்போது கணித ஆசிரியர் கூடுதல் பொறுப்பாக இதைச் செய்கிறார். அவருக்கு இச்சபை கடமைப்பட்டுள்ளது.

பிள்ளைகளின் பாதுகாப்புக் குறித்துத் தாய்மார்கள் எழுப்பிய கேள்விகள் நியாயமானவை. இரவல் கருவிகளில் சிம் பொருத்தப்படுவதில்லை. வாசிகசாலையில் திரைகள் அனைத்தும் பொறுப்பாளரின் பார்வையில் படும்படியே மேசைகள் போடப்பட்டுள்ளன. அறியாதவர் படம் கேட்டாலோ மிரட்டினாலோ பிள்ளை தயங்காமல் வீட்டாரிடமோ ஆசிரியரிடமோ சொல்ல வேண்டும் என்பதோடு, தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 என்ற இலக்கத்தை அழைக்கலாம் என்பதும் எல்லா வகுப்புகளிலும் விளக்கப்பட்டது.

நவம்பர் இறுதியில் சீரற்ற காலநிலையினால் உயர்தரப் பரீட்சை இடைநிறுத்தப்பட்ட நாட்களில், இரவல் கருவிகள் பரீட்சார்த்திகளிடம் இருந்தமை மிகவும் கைகொடுத்தது. பாதை மண்சரிந்து ஆசிரியரைச் சந்திக்க முடியாத நிலையிலும் வினாத்தாள்களை அவர்கள் தொடர்ந்து செய்து பார்த்தார்கள். ஆனால் தோட்டத்தின் மேற்பிரிவான மேல் டிவிஷன் பிள்ளைகளுக்கு இத்திட்டம் இன்னும் முழுமையாகச் சென்றடையவில்லை. மாலை வாசிகசாலைக்கு வந்தால் இருட்டில் தேயிலை மலையூடாகத் திரும்ப வேண்டும். பெண்பிள்ளைகளை அனுப்பப் பெற்றோர் தயங்குவதைக் குறைகூற முடியாது.

இதன் பொருட்டு, வரும் ஆண்டில் மேல் டிவிஷன் சிறுவர் பராமரிப்பு நிலையத்தில் மாலை நேரத்துக்கு ஓர் அறையைத் தருமாறு தோட்ட நிருவாகத்திடம் எழுத்து மூலம் கேட்பதற்கும், அங்கு பொறுப்பாக இருக்க அதே டிவிஷனைச் சேர்ந்த உயர்தரம் முடித்த ஒருவருக்கு மாதக் கொடுப்பனவு வழங்குவதற்கும், தகவல் தொழில்நுட்ப ஆசிரியர் நியமனம் கோரி பெற்றோரின் கையொப்பத்துடன் வலயக் கல்விப் பணிப்பாளருக்கு மனு அளிப்பதற்கும், சந்தாப் பணத்தில் ஒரு பகுதியைப் பழுதுபார்ப்பு நிதியாக ஒதுக்கி வேறெதற்கும் எடுக்காதிருப்பதற்கும் நிருவாகக் குழு தீர்மானித்துள்ளது. புதிய கருவிகளின் கொள்வனவு இவை நிறைவேறிய பின்னரே கவனிக்கப்படும். இத்தீர்மானங்களைப் பொதுச்சபையின் விவாதத்துக்கும் அங்கீகாரத்துக்கும் முன்வைத்து, இவ்வறிக்கையைச் சமர்ப்பிக்கிறேன்.

செயலாளர்
பழைய மாணவர் சங்கம்