கிளை நூலக வாசகர் வட்டம்: செயலாளர் ஆண்டறிக்கை, 2024–25

மதிப்பிற்குரிய தலைவர் ஐயா அவர்களே, நூலகர் அம்மா அவர்களே, புரவலர்களே, சனிக்கிழமை வகுப்புக்குப் பிள்ளைகளை அனுப்பும் பெற்றோர்களே, உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம். 2024 ஏப்ரல் முதல் 2025 மார்ச் வரையிலான நம் வட்டத்தின் பணிகளைப் பொதுக்குழுவின் முன் வைக்கிறேன்.

வழக்கமானவற்றை முதலில் முடித்துவிடுகிறேன். செயற்குழு மாதந்தோறும் கூடியது. ஐப்பசி மழையில் ஒரு மாதம் மட்டும் தவறியது. ஏப்ரல் 23 உலகப் புத்தக நாள், ஜூலை 15 கல்வி வளர்ச்சி நாள், நவம்பர் 14 முதல் 20 வரை நூலக வார விழா ஆகியவற்றை நடத்தினோம். புதிதாகச் சில புரவலர்கள் சேர்ந்திருக்கிறார்கள். பின்பக்கம் ஒழுகிய இடத்தில் ஓடு மாற்றியாயிற்று. மின்விசிறி இன்னும் சத்தம் போட்டுக்கொண்டுதான் சுற்றுகிறது. வரவு செலவைப் பொருளாளர் தனியாக வாசிப்பார். மீதி நேரத்தைச் சனிக்கிழமை வாசிப்பு வகுப்புக்கே எடுத்துக்கொள்கிறேன். இந்த ஆண்டு செயற்குழுவில் அதிகம் சண்டை நடந்ததும் அதைப் பற்றித்தான்.

2021-இல் அரசு இல்லம் தேடிக் கல்வியைத் தொடங்கிய சமயத்தில், கொரோனா விடுமுறையில் எழுத்தே மறந்துபோன பிள்ளைகளுக்காக நாமும் ஆரம்பித்த வகுப்பு இது. எழுத்துக்கூட்டிப் படிக்க வைப்பதே அன்றைக்கு வேலை. 2022-இல் பள்ளிகளில் எண்ணும் எழுத்தும் திட்டம் வந்த பிறகு அந்தச் சுமை குறைந்தது. இப்போது நம்மிடம் வரும் மூன்றாம் வகுப்பு முதல் ஏழாம் வகுப்பு வரையான பிள்ளைகளில் பெரும்பாலோர் ஒரு பக்கத்தைத் தடங்கல் இல்லாமல் படித்துவிடுகிறார்கள். மூடி வைத்துவிட்டு "என்னடா படிச்ச?" என்று கேட்டால்தான் கூரையைப் பார்க்கிறார்கள்.

இதைப் பெற்றோருக்கு விளங்க வைப்பது சுலபமாக இல்லை. "கேள்விக்கெல்லாம் கரெக்டா பதில் எழுதுறானே" என்றார்கள். அதனால் ஜூலைக் கூட்டத்தில் நம் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஐயா கரும்பலகையில் ஒரு வாக்கியம் எழுதினார்: "கொடலன் தெப்பாரத்தில் பிசலையை நுடுவினான்." பிறகு பெற்றோரையே கேட்டார். பிசலையை நுடுவியவர் யார்? கொடலன். எங்கே நுடுவினான்? தெப்பாரத்தில். எதை நுடுவினான்? பிசலையை. எல்லாருக்கும் முழு மதிப்பெண். "சரி, பிசலைன்னா என்ன?" என்றதும் கூட்டம் சிரித்துவிட்டது. அவர் அங்கேயே இட்டுக்கட்டிய வாக்கியம் அது. வேற்றுமை உருபு அதது அதனதன் இடத்தில் இருந்தால் போதும், பொருள் ஒன்றும் தெரியாமலே தமிழில் பரீட்சை எழுதிவிடலாம் என்பதை அன்று எல்லாரும் நேரில் பார்த்தோம். அதற்குப் பிறகு "பதில் எழுதுறானே" என்று யாரும் வரவில்லை.

இது நம் ஊர்க் கதை மட்டுமில்லை. அமெரிக்காவில் டோலோரஸ் டர்க்கின் என்ற ஆய்வாளர் 1970-களின் பிற்பகுதியில் வகுப்பறைகளில் உட்கார்ந்து கவனித்து எழுதிய கட்டுரை இன்றும் பேசப்படுகிறது. வாசிப்புப் பாட நேரத்தில் புரிந்துகொள்ளக் கற்றுக்கொடுப்பதற்குச் செலவானது ஒரு சதவீதம் கூட இல்லை என்று கண்டார். புரிந்ததா என்று கேட்டுக்கொண்டே இருந்தார்கள்; எப்படிப் புரிந்துகொள்வது என்று காட்டித் தரவில்லை. நம் வகுப்பிலும் அதேதான் நடந்துகொண்டிருந்தது என்று ஐயா சொன்னபோது தன்னார்வலர்களில் சிலருக்கு வருத்தம். வருத்தப்பட வேண்டியதில்லை, எல்லாரும் அப்படித்தான் படித்து வந்தோம்.

ஆகஸ்ட் முதல் வகுப்பின் முறையை மாற்றினோம். சத்தமாகப் படிக்கும் நேரத்தைப் பாதியாகக் குறைத்துவிட்டு, படித்ததைப் பற்றிப் பேச மீதியைக் கொடுத்தோம். நான்கு பேர் கொண்ட குழு. ஒருவர் அடுத்து என்ன வரும் என்று ஊகிப்பார், ஒருவர் கேள்வி கேட்பார், ஒருவர் புரியாத இடத்தைத் தேடிப் பிடித்துத் தெளிவாக்குவார், ஒருவர் சுருக்கிச் சொல்வார். அடுத்த பத்திக்குப் பொறுப்பு மாறும். இது நாம் கண்டுபிடித்ததில்லை. பாலின்சர், பிரவுன் என்ற இருவர் 1984-இல் வெளியிட்ட முறை; எழுத்து நன்றாகப் படித்தும் பொருள் பிடிபடாத பிள்ளைகளுக்கென்றே செய்தது. முதலில் ஆசிரியர் தானே செய்து காட்ட வேண்டும், பிறகு மெல்லக் கையை எடுக்க வேண்டும். நம் கல்லூரித் தம்பி தங்கைகளுக்கு அந்தக் கையை எடுப்பதுதான் பெரும்பாடாக இருந்தது.

ஒரு நாள் கொடுத்த பத்தி இது: "பாட்டி வாசலில் காயப்போட்டிருந்த வடாமை அவசர அவசரமாக அள்ளினாள். கொடியில் கிடக்கும் துணியை எடுக்கச் சொல்லி உள்ளே குரல் கொடுத்தாள்." பாட்டிக்கு ஏன் அவசரம் என்பது கேள்வி. ஒரு பையன், "அது பாடத்துல இல்ல சார்" என்று புத்தகத்தை மூடிவிட்டான். இன்னொருவன் "காக்கா வந்துருக்கும்" என்றான். மோசமான பதில் இல்லை. வடாம் காயும் வாசலில் காக்கைதான் முதல் எதிரி. பக்கத்திலிருந்த பெண், "காக்கா துணியையுமாடா தூக்கிட்டுப் போவும்?" என்று கேட்டாள். ஒரு நிமிஷம் அமைதி. பிறகு நான்கு பேரும் சேர்ந்து "மழை!" என்று கத்தினார்கள். வடாம் என்ற ஒரு குறிப்போடு துணி என்ற இன்னொரு குறிப்பையும் சேர்த்துப் பார்த்ததால் வந்த பதில். தன்னார்வலர் குறுக்கே ஒரு வார்த்தை பேசவில்லை என்பதையும் இங்கே பதிவு செய்ய விரும்புகிறேன்.

தமிழுக்கென்றே சில இடறல்கள் இருக்கின்றன. "அரசன் கொன்ற புலி", "அரசனைக் கொன்ற புலி" இரண்டையும் பலகையில் எழுதி, செத்தது யார் என்று கேட்டோம். ஐந்தாம் வகுப்பில் பாதிப் பேர் இரண்டிலும் புலியைத்தான் சாகடித்தார்கள். வேகமாகப் படிக்கும்போது அந்த ஐ காதில் விழுகிறது, மனசில் விழுவதில்லை. போய், வாங்கி, வைத்து, கொடுத்து என்று வினையெச்சங்கள் நீண்டு கடைசியில் வினைமுற்று வருவதற்குள் யார் செய்தது என்பதையும் மறந்துவிடுகிறார்கள். எழுவாயைச் சொல்லாமல் விடுவது நம் மொழிக்கு இயல்பு. பெரியவர்களுக்கு அது ஒரு பொருட்டே இல்லை, பிள்ளைக்கு அதுதான் வழி தவறும் இடம். இப்போது நீண்ட வாக்கியம் வந்தாலே நிறுத்தி "யாரு? என்ன செஞ்சாங்க?" என்று தங்களையே கேட்டுக்கொள்ளப் பழக்கியிருக்கிறோம்.

அடுத்து, குறுவை என்ற நெல் பட்டத்தை, அதாவது பயிர்ப் பருவத்தை, வைத்து எழுதிய பத்தி. சென்ற ஆண்டு மேட்டூர் அணை வழக்கமான ஜூன் 12-இல் திறக்கவில்லை, ஜூலைக் கடைசியில்தான் திறந்தார்கள் என்பது இங்குள்ள யாருக்கும் மறந்திருக்காது. அதை வைத்து ஐயா நாலு வரி எழுதினார்: "நாற்றங்கால் தயாராகியும் ஆற்றில் தண்ணீர் வரவில்லை. பம்ப்செட் உள்ளவர்கள் நட்டார்கள். மற்றவர்கள் சம்பாவை நம்பிக் காத்திருந்தார்கள்." நம் வகுப்பிலேயே மிகச் சரளமாகப் படிக்கும் சிறுமி, அப்பா மாற்றலாகி இந்த ஊருக்கு வந்தவர், ஏற்ற இறக்கத்தோடு அழகாகப் படித்து முடித்துவிட்டு "சம்பாங்கிறது யாரு அங்கிள்?" என்றாள். எழுத்துக்கூட்டிப் படிக்கும் ஆறாம் வகுப்புப் பையன் சிரிக்கக்கூட இல்லை. "அது ஆளு இல்ல, பட்டம். ஆத்துத் தண்ணி இல்லன்னா குறுவை போச்சு, அடுத்த பட்டத்துக்குத்தான் நடணும்" என்று அவளுக்கு வயல் கணக்கையே விளக்கிவிட்டான். ரெக்ட், லெஸ்லி என்ற இருவர் 1988-இல் அமெரிக்காவில் 64 மாணவர்களிடம் பேஸ்பால் ஆட்டம் பற்றிய பத்தியைக் கொடுத்துப் பார்த்தார்கள். வாசிப்பில் பின்தங்கியிருந்தும் ஆட்டம் தெரிந்த பிள்ளைகள், நன்றாக வாசிக்கத் தெரிந்தும் ஆட்டம் தெரியாதவர்களை மிஞ்சினார்கள். நம் நூலகத்தில் அதை வயலை வைத்துப் பார்த்துவிட்டோம்.

அதற்காக எழுத்துப் பயிற்சி வேண்டாம் என்றாகாது. காஃப், டன்மர் இருவரும் 1986-இல் சொன்னது இதுதான்: வாசித்துப் புரிதல் என்பது எழுத்தைப் படிக்கும் திறனையும் மொழியைப் புரிந்துகொள்ளும் திறனையும் பெருக்கினால் வருவது. கூட்டல் இல்லை, பெருக்கல். ஒன்று பூஜ்யமானால் எல்லாம் பூஜ்யம். அந்தப் பையனுக்குத் தினமும் அரை மணி எழுத்துப் பயிற்சி நடக்கிறது. அந்தச் சிறுமியை ஐயா ஒரு ஞாயிறு மற்ற பிள்ளைகளோடு நடவு பார்க்கக் கூட்டிப்போய் வந்தார்.

பெற்றோரின் குறைகளையும் மறைக்கவில்லை. "என்ன சார், படிக்க அனுப்புனா கதை பேசிட்டு வருதுங்க" என்பது பலரின் புகார். ஆம், பேசத்தான் வைக்கிறோம். ஒரு பள்ளியில் நோட்ஸில் உள்ளபடி எழுதாமல் சொந்தமாக எழுதியதால் நம் பிள்ளை ஒருவனுக்கு மதிப்பெண் குறைந்தது. அவன் அம்மா கோபமாக வந்தார், கோபம் நியாயம்தான். பரீட்சைக்கு ஒரு மாதம் முன்பு, கேள்விக்கேற்றபடி பதிலை அமைத்து எழுதவும் பயிற்சி தருவது என்று அதன் பிறகு முடிவானது. பள்ளியோடு மல்லுக்கட்ட நமக்குத் தெம்பும் இல்லை, அது நம் வேலையும் இல்லை.

பெரிய சண்டை நூலக வாரத்தில்தான். வேக வாசிப்புப் போட்டி ஆண்டுதோறும் நடப்பது. கோப்பை கொடுத்துவந்த புரவலர் அதை நிறுத்தக்கூடாது என்றார். நிமிடத்துக்கு இத்தனை சொல் என்று ஓட வைத்தால் பிள்ளைகள் மறுபடி பொருளை விட்டுவிடுவார்கள் என்பது தன்னார்வலர்களின் வாதம். கடைசியில் தலைவர் ஐயா ஒரு வழி சொன்னார்: கோப்பை இருக்கட்டும், போட்டியை மாற்றுவோம். ஒரு கதையைப் படித்துவிட்டு, கதைக்குள் நேரடியாகப் பதில் இல்லாத, ஆனால் கதையை வைத்தே பதில் சொல்லக்கூடிய கேள்வியைக் கேட்பவருக்குக் கோப்பை. "அந்தக் கடைக்காரர் பாக்கிக் காசை ஏன் எண்ணாம வாங்கிக்கிட்டார்?" என்று கேட்ட நான்காம் வகுப்புப் பெண் வாங்கிக்கொண்டு போனாள். புரவலர் தம் கையாலேயே கொடுத்தார். அடுத்த ஆண்டும் தருவதாகச் சொல்லியிருக்கிறார்.

கிராமப்புறப் பிள்ளைகளின் படிப்பை வீடு வீடாகப் போய்ச் சோதிக்கும் ஏசர் (ASER) கணக்கெடுப்பின் 2024 அறிக்கை ஜனவரியில் வந்தபோது சதவீதங்களைப் பற்றிச் செயற்குழுவில் நீண்ட பேச்சு நடந்தது. 2005 முதல் நடக்கும் அந்தக் கணக்கெடுப்பில் எழுத்து, சொல், பத்தி, கதை என்று படிப்படியாகப் பிள்ளையைச் சத்தமாகப் படிக்க வைக்கிறார்கள். லட்சக்கணக்கான வீடுகளுக்குப் போகும் வேலைக்கு அதுவே பெரிய காரியம். நம்மிடம் வருவது கைவிரல் மடக்கி எண்ணக்கூடிய கூட்டம். நாம் அங்கேயே நிற்கத் தேவையில்லை. எனவே படித்த கதையைத் தன் பேச்சு நடையில் திருப்பிச் சொல்ல வைத்து, அதை ஒவ்வொரு பிள்ளைக்கும் தனி நோட்டில் குறித்து வருகிறோம். குறிப்பு எழுதும் பொறுப்பை நூலகர் அம்மா ஏற்றிருக்கிறார்.

புத்தகம்தான் போதவில்லை. அரசின் வாசிப்பு இயக்கப் புத்தகங்கள் நுழை, நட, ஓடு, பற என்று படி பிரித்து வந்திருப்பது நமக்கு மிகவும் உதவியது. பள்ளியிலிருந்து கேட்டு வாங்கிப் பயன்படுத்தினோம். 'பற' அளவை முடித்த பிள்ளைகளுக்கு அடுத்து என்ன கொடுப்பது என்பதில்தான் திண்டாட்டம். கதைகள் கிடைக்கின்றன, தறி, மீன்பிடி வலை, ரயில் சிக்னல், தேனீ என்று பிள்ளைக்குப் புரியும் தமிழில் விஷயம் சொல்லும் புத்தகங்கள் குறைவு. உறுப்பினர்கள் தங்கள் தொழிலைப் பற்றி ஆளுக்கு ஒரு பக்கம் எழுதித் தந்தால் தட்டச்சு செய்து கொடுக்க ஆள் இருக்கிறது. நம் தச்சர் அண்ணன் இழைப்புளி பற்றி எழுதிய பக்கத்தைப் பிள்ளைகள் சண்டை போட்டுப் படித்தார்கள்.

வரும் ஆண்டுக்கு மூன்று தீர்மானங்கள் உங்கள் ஒப்புதலுக்கு வருகின்றன: சனிக்கிழமை வகுப்பைப் பெண்கள் அதிகம் கேட்டுக்கொண்டபடி காலைக்கு மாற்றுவது, எழுத்தில் பின்தங்கிய பிள்ளைகளுக்கு இன்னொரு தன்னார்வலரைச் சேர்ப்பது, மின்விசிறியை மாற்றுவது. இந்த அறிக்கையைப் பொதுக்குழு ஏற்று நிறைவேற்றித் தருமாறு கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்,
வாசகர் வட்டம்