கழற்றி எறியும் பொருளா கன்வெர்ட்டர்?

ஆசிரியருக்கு,

வாகனப் புகைச் சான்றிதழ் குறித்துத் தங்கள் நாளிதழில் வந்த செய்தியைப் படித்தேன். கறுப்புப் புகை கக்கும் லாரி எல்லோர் கண்ணிலும் படும். புகையிலுள்ள நச்சு வாயுக்களைக் குறைக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரைக் கழற்றிவிட்டு ஓடும் பெட்ரோல் காரின் கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயுவோ கண்ணுக்குத் தெரியாது. சென்னை உள்ளிட்ட நான்கு பெருநகரங்களில் 1995-லேயே புதிய பெட்ரோல் கார்களுக்குக் கட்டாயமான கருவி இந்தக் கன்வெர்ட்டர்.

என் பழைய கார் ஏற்காடு ஏறத் திணறியபோது, "கன்வெர்ட்டர் அடைச்சிருக்கு சார், உள்ளே இருக்கறதை உடைச்சு எடுத்துடலாம், புதுசு கட்டுப்படியாகாது" என்றார் ஒரு மெக்கானிக். தேன்கூடு போன்ற அந்த உட்பகுதியின் உடைந்த துண்டுகளை அவரே வைத்துக்கொள்வாராம்! அதில் பிளாட்டினம், பல்லேடியம் என்ற விலையுயர்ந்த உலோகங்கள் இருப்பது அப்புறம்தான் தெரிந்தது. சரி என்று தலையாட்டாமல் வேறு பட்டறையில் காட்டினேன். பழுது, பெட்ரோலைப் பற்றவைக்கும் ஸ்பார்க் பிளக்கில். அதை மாற்றியதும் வண்டி பழையபடி இழுத்தது. எரியாத பெட்ரோல் அப்படியே கன்வெர்ட்டருக்குள் போய்க்கொண்டிருந்தால், நல்ல கன்வெர்ட்டரும் சூடேறி உருகிவிடும் என்றார் அந்தப் பட்டறைக்காரர்.

சான்றிதழுக்காகப் புகைக்குழாயில் சோதனைக் கம்பியைச் செருகிப் பார்ப்பது மட்டும் போதாது. கழற்றிய கன்வெர்ட்டரை வாங்கும் பழைய இரும்புக் கடைகள், வண்டி எண்ணைக் குறித்த ரசீது வைத்திருக்க வேண்டும் என்று அரசு உத்தரவிடலாம்.

– கார் வைத்திருக்கும் வாசகர், சேலம்