பயம் என்று சொன்னவரின் பெயரை அடிக்காதீர்கள்

தமிழ்நாட்டு ஹாக்கிப் பயிற்சியாளர்களுக்கும் தேர்வாளர்களுக்கும்,

வணக்கம். கோவில்பட்டியில் மட்டை பிடித்து வளர்ந்தவன் நான். பதினேழு வயதில், ஒரு அரையிறுதிக்கு முந்தைய இரவு பொட்டுத் தூக்கம் இல்லை. விடிந்ததும் என் பயிற்சியாளரிடம் போய், "நெஞ்சு படபடன்னு அடிக்குது சார், கையெல்லாம் சில்லுன்னு இருக்கு" என்றேன். "இதெல்லாம் ஒரு விஷயமாடே, போ" என்றார். சாயங்காலம் பட்டியலில் என் பெயர் இல்லை. அதன்பிறகு ஆறு வருடம் ஆடினேன். ஒருவரிடமும் வாய் திறக்கவில்லை. ஆட்டத்துக்கு முன்னால் கழிவறையில் வாந்தி எடுத்துவிட்டு, முகம் கழுவிக்கொண்டு வரிசையில் வந்து நிற்பேன்.

2025 அக்டோபர் 30 அன்று நவி மும்பையில், ஆஸ்திரேலியாவுக்கு எதிரான மகளிர் கிரிக்கெட் உலகக் கோப்பை அரையிறுதியில், 339 ரன் இலக்கைத் துரத்தி ஜெமிமா ரோட்ரிக்ஸ் ஆட்டமிழக்காமல் 127 அடித்தார். முடிந்ததும், அந்தத் தொடரில் பதற்றம் தாங்காமல் ஏறக்குறைய தினமும் அழுததாகச் சொன்னார். இடையில் ஓர் ஆட்டத்தில் அவரை உட்காரவும் வைத்திருந்தார்கள். களைத்துப்போன கட்டத்தில், எதிர்முனையில் நின்ற தீப்தி சர்மா ஒவ்வொரு பந்துக்கும் பேசித் தெம்பூட்டியதையும் சொன்னார். கேட்டபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. கூடவே ஒரு கேள்வியும் வந்தது: 12 ரன்னில் அவுட்டான ஒரு பெண் இதையே சொல்லியிருந்தால் யார் காதுகொடுத்திருப்பார்கள்?

நம் ஆட்டத்துக்கே வருகிறேன். 2023 ஜனவரியில் புவனேஸ்வரத்தில் நியூசிலாந்திடம் ஷூட் அவுட்டில் (ஆட்டம் சமனானால் ஒருவர் பின் ஒருவராகக் கோல்கீப்பரோடு தனியாக மோதுவது) தோற்று, உலகக் கோப்பைக் காலிறுதிக்குக்கூடப் போகாமல் வெளியேறினோம். அதற்குப் பிறகுதான் பேடி அப்டனை மனப் பயிற்சிக்கு அழைத்துவந்தார்கள்; 2011இல் கோப்பை வென்ற கிரிக்கெட் அணியோடு இருந்தவர். 2024 ஆகஸ்ட் 4, பாரிஸ் ஒலிம்பிக் காலிறுதி. அமித் ரோகிதாஸ் சிவப்பு அட்டை வாங்கி வெளியேற, நாற்பது நிமிடத்துக்கு மேல் பத்துப் பேராகத் தாக்குப்பிடித்து 1-1 என்று முடித்தார்கள். ஷூட் அவுட்டில் பிரிட்டனை 4-2 என்று வென்றார்கள். அப்டனால்தான் ஜெயித்தோம் என்று நான் சொல்லவில்லை. கோலில் நின்றது ஸ்ரீஜேஷ். ஆனால் அந்தப் பையன்களுக்கு மனசு விட்டுப் பேச, அதற்கென்றே ஓர் ஆள் இருந்தார்.

நம் விளையாட்டு விடுதிப் பிள்ளைகளுக்கும் அப்படி ஒருவர் வேண்டும். மாதம் இரண்டு நாள் வந்தாலும் போதும். அவரிடம் அவர்கள் சொல்வது உங்கள் காதுக்கு வரவே கூடாது. அது மட்டும் உறுதியாக இருக்க வேண்டும்.

ஷூட் அவுட்டையும் காலையில், கால் புதுசாக இருக்கும்போது பழக்காதீர்கள். 23 மீட்டர் கோட்டிலிருந்து கோல் வரை எட்டே நொடி. பயிற்சி முடிந்து எல்லாரும் ஓய்ந்துபோன பிறகு, மொத்த அணியும் சுற்றி நின்று பார்க்க, ஒருவருக்கு ஒரே வாய்ப்பு கொடுங்கள். விசிலுக்கு முன் மூச்சை மெதுவாக, நீளமாக வெளியே விடச் சொல்லிக்கொடுங்கள். துடிப்பு கொஞ்சம் இறங்கும். கண்ணுக்குப் பந்து தெரியும். இதற்குப் பைசா செலவில்லை.

என் அண்ணன் மகள் இந்த வருடம் ஒரு விடுதியில் சேர்ந்திருக்கிறாள். போன வாரம் போனில், "மேட்சுக்கு முந்தின நாள் சோறே இறங்க மாட்டேங்கு சித்தப்பா" என்றாள். கோச்சிடம் சொன்னாயா என்று கேட்டேன்.

"சொன்னா எடுத்துருவாங்கல்லா?"

அவளுக்கு நான் என்ன பதில் சொல்லட்டும்?

இப்படிக்கு,
ஒரு பழைய ஹாக்கி ஆட்டக்காரன்,
கோவில்பட்டி